வராத தகவலுக்கும் வழி செய்: ரேடியோ மோடம் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு

பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரைக்கும் கரிசல் தட்டையாகக் கிடக்கிறது. குறுக்கே மலை கிடையாது. உயர்ந்த கட்டடங்களும் குறைவு. போர்வெல் கண்மாய்ப் பக்கம் இருக்கும், மேல்நிலைத் தொட்டி ஊருக்குள் இருக்கும், நடுவே ஒன்றரை இரண்டு கிலோமீட்டர். தொட்டி நிறைந்த சேதி மோட்டார் ரூமுக்குப் போயாக வேண்டும். கேபிள் புதைத்தால் உழவிலும் ஜேசிபி தோண்டலிலும் அறுபடும். சிம் கார்டு போட்டால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், ஊர் ஓரத்தில் சிக்னலும் நிலையில்லை. அதனால்தான் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ரேடியோ மோடம் வைக்கிறோம். மில்லில் ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்கு மீட்டர் கணக்கு எடுப்பதும், தோட்டத்து வால்வைத் திறந்து மூடுவதும் இதே வேலைதான். இதில் புதிதாக இறங்கும் தம்பிகளுக்கும் தாயிகளுக்கும் சொல்ல வேண்டும் என்று நினைப்பவற்றை எண் போட்டு எழுதுகிறேன்.

1. ரேடியோத் தொடர்பு அறும் என்பதை முதல் நாளே ஒப்புக்கொள். நல்ல மோடம், உயர்ந்த கம்பம், கூட்டமில்லாத அலைவரிசை எல்லாம் அமைந்தாலும் ஏதோ ஒரு நேரத்தில் தகவல் போய்ச் சேராது. அறாத தொடர்பைத் தேடுகிறவன் மோடத்தை மாற்றிக்கொண்டே இருப்பான். நீ தேட வேண்டியது வேறு: அறுந்தால் அது இரண்டு முனைக்கும் தெரிய வேண்டும், தெரிந்தவுடன் எந்தப் பக்கம் கெடுதல் குறைவோ அந்தப் பக்கமாக இயந்திரம் போய் நிற்க வேண்டும். நம்மூர் விசைத்தறியைப் பார். ஊடை அறுந்தால் தறி தானாக நிற்கிறது. நூலே அறாத தறியை யாரும் செய்யவில்லை. அறுந்த பிறகும் வெறுமனே அடித்துக்கொண்டிருக்காத தறியைத்தான் செய்தார்கள். கீழே நான் சொல்லும் பாதி விஷயம் இதிலிருந்துதான் வருகிறது.

2. "தொட்டி நிறைந்தது" என்று மட்டும் சொல்லும் அமைப்பை எந்த ஊரிலும் மாட்டாதே. அந்த ஒரு தகவல் வழியில் தொலைந்தால் விடியும் வரை தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போகும். தொட்டி முனை நிமிடத்துக்கு ஒரு தடவை "இருக்கிறேன், இப்போது இவ்வளவு தண்ணீர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். அளவு மாறாவிட்டாலும் சொல்லட்டும். ஐந்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லையென்றால் மோட்டார் ரூமில் இருக்கும் பெட்டி மோட்டாரை நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போட வேண்டும். வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து குடிக்கும் சீமை இது. இங்கே வழிந்தோடும் தண்ணீருக்கு யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. தொடர்பு அறுந்த அன்றைக்கெல்லாம் மோட்டார் நின்றால் குழாயில் தண்ணீர் வராது. பெண்கள் குடத்தோடு காத்துக்கிடப்பார்கள். அதற்காக ஒரு கை சுவிட்ச் கொடு. அதை அமுக்கினால் அரை மணி நேரம் மட்டும் மோட்டார் ஓடி, தானே நிற்கட்டும். இன்னும் வேண்டுமென்றால் ஆபரேட்டர் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி அமுக்கட்டும். கை சுவிட்சை நிரந்தரமாகப் போட்டுவைக்க வழி வைத்தால் ஒரே வாரத்தில் எல்லோரும் அப்படித்தான் போட்டு வைப்பார்கள், உன் மோடம் அலங்காரத்துக்கு நிற்கும்.

போரில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுக்கும் வேலையை ரேடியோவிடம் கொடுக்கவே கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓடும்போது ஆம்பியர் குறையும். அதைப் பார்த்து நிறுத்தும் கருவி மோட்டார் ரூம் பேனலிலேயே இருக்கட்டும். ஒரு பொருள் எரிந்துபோகாமல் காக்கும் வேலை அந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும்.

3. நேரம் இல்லாத அளவைத் திரையில் காட்டாதே. "தொட்டியில் 70 சதவீதம்" என்று காட்டினால் பார்க்கிறவர் இப்போது 70 என்றுதான் நினைப்பார். அது மூன்று மணி நேரத்துக்கு முந்தின கணக்காக இருக்கலாம். பக்கத்தில் நேரத்தைப் போடு. குறித்த காலம் தாண்டினால் எண்ணையே அழித்துவிட்டுக் கோடு போடு. வெற்றுக் கோட்டைப் பார்த்தவர் போய்ச் சரிபார்ப்பார்; பழைய எண்ணைப் பார்த்தவர் நம்பிப் படுத்துவிடுவார்.

4. அனுப்பியதற்குப் பதில் வாங்கு. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வரிசை எண் போடு. பெற்ற முனை அந்த எண்ணைச் சொல்லி "கிடைத்தது" என்று திருப்பிச் சொல்லட்டும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு.

இந்த முறைக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1971 ஜூனில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சனும் கூட இருந்தவர்களும் தீவுகளில் இருந்த முனையங்களை ரேடியோ வழியாக ஒரு மையக் கணினியோடு இணைத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். நொடிக்கு 9600 பிட் வேகம். எந்த முனையமும் நினைத்தபோது தகவலை அனுப்பலாம். இரண்டு பேர் ஒரே சமயத்தில் அனுப்பினால் இரண்டும் கெடும். பதில் வரவில்லை என்பதை வைத்துத்தான் கெட்டது தெரியும். தெரிந்ததும் ஒவ்வொரு முனையமும் தன் போக்கில் ஏதோ ஒரு சிறு நேரம் பொறுத்து மறுபடி அனுப்பும். அந்த நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் திரும்பவும் மோதிக்கொள்வார்கள், அதனால் அது முன்கூட்டிச் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். இப்படிக் கட்டுப்பாடில்லாமல் பேசவிட்டால் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் உருப்படியாகப் பயன்படும் என்பதையும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உன்னிடம் பத்துத் தொட்டி இருந்தால் இதை நினைவில் வை. மையம் ஒவ்வொரு தொட்டியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். கூப்பிட்டது மட்டும் பேசட்டும்.

5. "மாற்று" என்ற கட்டளையை அனுப்பாதே. "ஓடு" என்றோ "நில்" என்றோ அனுப்பு. காரணம் கேள். நீ அனுப்பிய கட்டளை போய்ச் சேர்ந்துவிடுகிறது, அது அனுப்பிய பதில் மட்டும் வழியில் தொலைகிறது. உனக்குத் தெரியாது, மறுபடி அனுப்புகிறாய். "மாற்று" என்றால் ஓடத் தொடங்கிய மோட்டார் நின்றுபோகும். "ஓடு" என்றால் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும், கேடில்லை. அதே போல "இன்னும் நூறு லிட்டர் விடு" என்று சொல்லாதே, "மீட்டர் இந்த எண்ணைத் தொடும் வரை விடு" என்று சொல். ஒரு கட்டளை இரண்டு தடவை வந்தாலும் ஒரு தடவை வந்ததற்குச் சமமாக இருக்கும்படி எழுதப் பழகு. ரேடியோவில் வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் நான் வைத்திருக்கவில்லை.

6. மறுபடி மறுபடி அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏட்டுக் கணக்கு சொல்லும். பத்தில் ஒன்று தொலைகிறது என்றால், மூன்று தடவை அனுப்பினால் ஆயிரத்தில் ஒன்றுதான் தொலையும். அந்தக் கணக்கு ஒவ்வொரு தடவையும் தொலைவதற்குத் தனித்தனிக் காரணம் இருந்தால்தான் செல்லும். நடைமுறையில் இழப்பு கொத்தாக வரும். பக்கத்து மோட்டார் ஸ்டார்ட் ஆகிறது, ஒரு லாரி வந்து ஆன்டெனா முன்னால் நிற்கிறது. அந்த நேரத்தில் அரை நொடிக்குள் மூன்று தடவை அனுப்பினால் மூன்றும் தொலையும். ஆகவே முதல் மறுமுயற்சி உடனே, அடுத்தது சில நொடி கழித்து, அதற்கடுத்தது இன்னும் தள்ளி. ஒரு எல்லைக்கு மேல் விட்டுவிட்டு, "தொடர்பு இல்லை" என்று அறிவி.

7. கெட்ட தகவலை நல்லதென்று எடுத்துக்கொள்வது தகவல் வராததைவிட மோசம். ஒவ்வொரு தகவலின் வாலிலும் சரிபார்ப்புத் தொகை இருக்க வேண்டும். சி.ஆர்.சி. 16 பிட் போட்டால், 16 பிட் நீளத்துக்குள் அடங்கும் எந்தத் தொடர் சிதைவும் தப்பாது. கன்னாபின்னாவென்று சிதைந்த தகவலில் 65,536-க்கு ஒன்று நல்லதுபோலத் தப்பிவரலாம். அப்படி வந்ததையும் பிடிக்க அறிவைப் பயன்படுத்து: ஒரு நிமிடத்தில் தொட்டி 20 சதவீதத்திலிருந்து 95-க்கு ஏறாது. ஏறினால் அந்த எண்ணை நம்பாதே, அடுத்ததற்குக் காத்திரு.

தகவலைச் சின்னதாக வை. பத்தாயிரம் பிட்டுக்கு ஒரு பிட் கெடும் பாதையில் ஆயிரம் பிட் தகவல் பத்தில் ஒன்பது தடவை முழுதாக வரும். பத்தாயிரம் பிட் தகவல் மூன்றில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல்தான் தேறும்.

8. இப்போது நிலத்துக்கு வருவோம். ஆன்டெனாவிலிருந்து ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அலை ஒற்றைக் கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்து, முனைகளில் ஒடுங்கிப் போகிறது. அந்தப் பருமனுக்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். நாம் பயன்படுத்தும் 866 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 2 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவில் அதன் ஆரம் சுமார் 13 மீட்டர். அதில் பத்துக்கு ஆறு பங்கு, அதாவது 8 மீட்டர், கோட்டுக்குக் கீழே காலியாக இருக்க வேண்டும். தொட்டி மேல் ஆன்டெனா 15 மீட்டர் உயரம், மோட்டார் ரூம் கூரையில் 4 மீட்டர் என்றால் நடுவில் கோட்டின் உயரம் ஒன்பதரை மீட்டர். அதில் எட்டைக் கழித்தால் மிச்சம் ஒன்றரை மீட்டர். அந்த உயரத்துக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது.

நம் நாட்டில் என்ன நிற்கிறது? சீமைக்கருவேல். தட்டை நிலம் என்று நாம் மகிழ்கிற கரிசலில் நாலு மீட்டர், அஞ்சு மீட்டர் உயரத்துக்கு முள்வேலியாய் அது அடைத்து நிற்கிறது. அதைவிடப் பெரிய தடை கண்மாய்க்கரை. போர் கண்மாய்க்குள்ளோ கரையடியிலோ இருக்கும். ஊர் கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும். கரை மூன்று நாலு மீட்டர், அதன் மேல் மரம். மோட்டார் ரூம் கூரையில் நிற்கும் ஆன்டெனாவுக்கு எதிரே ஒரு மதில் எழுப்பியதற்கு ஒப்பு. வரைபடத்தில் தேடினால் இந்தக் கரையின் உயரம் சரியாகத் தெரியாது. நடந்து போய், கரைமேல் ஏறி நின்று பார்க்க வேண்டும்.

மோட்டார் ரூம் பக்கம் 12 மீட்டர்க் குழாய்க் கம்பம் நட்டால் நடுக் கோடு பதின்மூன்றரை மீட்டருக்கு ஏறும். கீழே ஐந்தரை மீட்டர் வரை மரம் இருந்தாலும் தாங்கும். கரைமேல் கம்பம் நட்டால் சுலபமாய் உயரம் கிடைக்குமே என்று யாராவது சொல்வார்கள். கரையில் குழி தோண்டாதே. அது ஊரின் தண்ணீரையும் வயலையும் காக்கும் மண். நீ தோண்டிய இடத்தில் ஐப்பசி மழைத் தண்ணீர் வழி பிடித்தால் கரை போகும்.

மரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. இந்த அலைவரிசையில் மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்யாது. நனைந்த இலைதான் அலையைக் குடிக்கும். பங்குனி, சித்திரையில் சோதனை செய்து "பிரமாதமாக வருகிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் கார்த்திகையில் கூப்பிடுவார்கள். முதல் மழைக்குப் பிறகு ஒரு தடவை போய் அளந்துவிட்டு வந்த பிறகுதான் வேலை முடிந்ததாகச் சொல்.

கண்பார்வைத் தொலைவுக்கு அலைந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நமக்கு முன்னாலும் இருந்தார்கள். மதுரை மேலூர் பக்கத்து ஊர்களில் 2000-த்தை ஒட்டி இணைய மையங்கள் வைத்தபோது, சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையைப் பயன்படுத்தினார்கள். வேகம் நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட். நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை போகும், பார்வைக் கோடு திறந்திருந்தால். அந்த நிபந்தனைக்காகத்தான் அங்கேயும் கம்பங்கள் உயர்ந்தன.

9. சந்தேகம் வந்தால் கணக்குப் போடு. 2 கிலோமீட்டரில் வெட்டவெளியில் மட்டும் 97 டெசிபல் இழப்பு. 100 மில்லிவாட் அனுப்பினால் 20 டிபிஎம். இரண்டு பக்கமும் 6 டெசிபல் பெருக்கும் யாகி ஆன்டெனா, இரண்டு பக்கமும் கேபிளில் 2 டெசிபல் இழப்பு. கூட்டிக் கழித்தால் கைக்கு வருவது மைனஸ் 69 டிபிஎம். உன் மோடம் மைனஸ் 105 வரை கேட்கும் என்றால் 36 டெசிபல் மிச்சம். மரத்துக்கும் மழைக்கும் பழுதுக்கும் சேர்த்து 20 டெசிபலாவது மிச்சம் இருந்தால்தான் ஒப்புக்கொள். மாட்டிய பிறகு அளந்த எண் கணக்கைவிட 15 டெசிபல் குறைவாக இருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஊர் திரும்பாதே.

அந்தக் காரணம் பெரும்பாலும் கேபிளில் இருக்கும். மலிவான ஆர்.ஜி. 58 கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு அரை டெசிபல் தின்னும். 15 மீட்டர் போட்டால் ஏழரை டெசிபல். அனுப்பிய சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆன்டெனாவைச் சேராது. எல்.எம்.ஆர். 400 அதே தூரத்துக்கு 2 டெசிபல்தான் எடுக்கும். அதைவிட நல்ல வழி, மோடத்தையே கம்பத்தின் உச்சியில் பெட்டிக்குள் வைத்து, கீழே ஆர்.எஸ். 485 கம்பியை மட்டும் இறக்குவது. கனெக்டருக்கு ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்று. கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு தொங்கல் விட்டு மேலேற்று, தண்ணீர் தொங்கலில் சொட்டிப் போகும். ஒரு முனையில் யாகியின் குச்சிகள் நின்றபடியும் மறுமுனையில் படுத்தபடியும் இருந்தால் 20 டெசிபல்கூட இழக்கலாம். இதை யாரும் கீழிருந்து கவனிப்பதில்லை.

10. எட்டவில்லை என்றதும் சக்தியைக் கூட்டாதே. தூரத்தை இரட்டிப்பாக்க நாலு மடங்கு சக்தி வேண்டும். கம்பத்தை மூன்று மீட்டர் உயர்த்தினால் பல இடங்களில் அதைவிட அதிகம் கிடைக்கும். வேகத்தைக் குறைத்தாலும் கிடைக்கும்: 9600-லிருந்து 1200-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 9 டெசிபல் லாபம். நிமிடத்துக்கு இருபது பைட் அனுப்பும் தொட்டிக்கு 9600 எதற்கு?

11. சட்டத்துக்குள் இரு. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் மத்திய அரசு விதி செய்தது: அனுப்பும் சக்தி 1 வாட்டுக்குள், ஆன்டெனா பெருக்கத்தோடு சேர்த்து 4 வாட்டுக்குள். 2021-ல் அதை 868 வரை நீட்டினார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸும் திறந்திருக்கிறது, ஆனால் அங்கே ஊரிலுள்ள வைஃபை எல்லாம் குவிந்திருக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று 915 மெகாஹெர்ட்ஸ் மோடத்தை வாங்காதே. அது அமெரிக்காவுக்கான அலைவரிசை. இங்கே 890 முதல் 915 வரை செல்போன்கள் டவரோடு பேசும் இடம். நம் தொட்டிக்காக அக்கம்பக்கத்தில் ஒருவர் ஆம்புலன்சைக் கூப்பிட முடியாமல் போகக் கூடாது. வேறு அலைவரிசையோ கூடுதல் சக்தியோ வேண்டுமென்றால் தொலைத்தொடர்புத் துறையில் முறைப்படி உரிமம் வாங்கு.

12. பெட்டி வாங்கியபோது வந்த நெட்வொர்க் எண்ணை அப்படியே விட்டுவைக்காதே. பக்கத்து ஊரில் இதே கம்பெனி மோடம் வந்தால் அந்தத் தொட்டி உன் மோட்டாரை நிறுத்தும். எண்ணை மாற்று, குறியாக்கச் சாவி இருந்தால் போடு, நோட்டில் எழுது.

13. வெயிலையும் இடியையும் சாதாரணமாக எடைபோடாதே. சித்திரை வெயிலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் கை வைக்க முடியாது. மோடத்துக்குள் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் சூட்டில் நகரும். பத்து லட்சத்தில் இருபது பங்கு நகர்ந்தால் 866 மெகாஹெர்ட்ஸில் அது 17 கிலோஹெர்ட்ஸ். 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனலில் பேசிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவர் அவ்வளவு விலகினால் மற்றவருக்குக் கேட்காது. மத்தியானம் மட்டும் தொடர்பு அறுகிறது என்றால் முதலில் பெட்டியின் சூட்டைப் பார். வெள்ளை அடி, மேலே ஒரு தகட்டைக் கூரையாகப் போடு, தொட்டியின் நிழல் விழும் இடத்தில் மாட்டு.

இடி பெரும்பாலும் கோடை மழையோடும் ஐப்பசி மழையோடும் வரும். ஆன்டெனா கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் போடு. மட்டத்தை அளக்கும் சென்சார் வயருக்கும் போடு. பலர் அதை மறந்து, ஆன்டெனாவைக் காப்பாற்றிவிட்டு சென்சார் வழியாக மோடத்தைப் பறிகொடுக்கிறார்கள். கம்பத்துக்கு ஒரு எர்த், பேனலுக்கு ஒரு எர்த் என்று தனித்தனியாக விடாதே. இரண்டையும் கனமான தகட்டால் இணை. இல்லையென்றால் இடி விழுந்த கணத்தில் இரண்டுக்கும் நடுவே ஏறும் அழுத்தம் உன் மோடத்தின் வழியாகத்தான் பாயும். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த் குழியைச் சுற்றியுள்ள மண் கம்பியை விட்டு விலகும், காய்ந்த மண்ணில் மின்சாரம் இறங்காது. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை ஆபரேட்டரிடம் முறையாக ஒப்படை.

14. கரண்டைப் பற்றித் தேனியில் கற்ற பாடம் உனக்கு வேண்டும். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக் கரிசலில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனிக் கிளையையும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் கண் பரிசோதனை மையங்களையும் 2005 வாக்கில் தொலைதூர வைஃபையால் இணைத்தார்கள். செய்தவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் நடத்திய குழுவினர். ஊரில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலிருந்து மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார். ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் தனித்தனியே பதில் காத்து நிற்கும் சாதாரண வைஃபை முறை தூரத்தில் தடுமாறியது. அதனால் இரண்டு முனையும் முறை வைத்துப் பேசவும், பல பொட்டலங்களுக்குச் சேர்த்து ஒரே பதில் சொல்லவும் மாற்றி எழுதி, 2007-ல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த ஆண்டு அவர்கள் எழுதிய கட்டுரை. ஊர்ப்புறத் தொடர்பைப் படுக்கவைப்பதில் பெரிய பங்கு கரண்டுக்குத்தான் என்று அதில் சொன்னார்கள். எகிறி வரும் வோல்டேஜ் கருவியை எரிக்கும். தாழ்ந்த வோல்டேஜ் இன்னும் தந்திரமானது: கருவி சாகவும் செய்யாது, வேலையும் செய்யாது, விளக்கு எரியும், பேச்சு இருக்காது. அதற்காக, வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் முழுவதும் துண்டித்துவிடும் சுற்றும், கருவி திகைத்து நின்றால் தானாக அணைத்துப் போடும் காவல் சுற்றும் வைத்தார்கள். இரண்டும் சில நூறு ரூபாய்ப் பொருள்கள். தொட்டி முனைக்கு ஒரு சின்ன சோலார் தகடும் 12 வோல்ட் பேட்டரியும் வை. பேட்டரி வோல்டேஜையும் தண்ணீர் அளவோடு சேர்த்து அனுப்பச் சொல். பேட்டரி சாகப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

15. மில்களில் இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. பெட்டியோடு மோட்பஸ் பேசும்போது தனிக் கவனம் வேண்டும். மோடிகான் நிறுவனம் 1979-ல் கம்பிக்காக உருவாக்கிய மொழி அது. ஒரு தகவல் முடிந்தது என்பதை மூன்றரை எழுத்து நேர மௌனத்தால் அறிந்துகொள்கிறது. 9600 வேகத்தில் அது 4 மில்லிசெகண்ட். ரேடியோ தகவலை இரண்டு துண்டாக வெட்டி அனுப்பினால் நடுவே விழும் இடைவெளியை முடிவென்று நினைத்து பி.எல்.சி. இரண்டு துண்டையும் எறிந்துவிடும். மோடத்தில் மோட்பஸ் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடு. பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டு.

இங்கே ஒரு ஆபத்து மறைந்திருக்கிறது. தொடர் வழியில் பேசும் மோட்பஸில் கேள்விக்கு வரிசை எண் கிடையாது. முதல் கேள்விக்கான பதில் தாமதமாக வந்து, அதற்குள் அடுத்த கேள்வி போயிருந்தால், பழைய பதிலைப் புதியதற்கு உரியதென்று மையம் எடுத்துக்கொள்ளும். சி.ஆர்.சி. சரியாக இருக்கும், எண் தவறான இடத்தில் உட்காரும். காத்திருக்கும் நேரம் எந்தப் பதிலும் வந்துசேரக்கூடிய நீண்ட தாமதத்தைவிட அதிகமாக இருப்பதுதான் இதற்கு மருந்து. அவசரப்பட்டு அதைக் குறைக்காதே.

16. அங்கேயே இருக்கிறவருக்குச் சொல்லிக்கொடு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி வட்டாரத்தில் நடத்திய தகவல் கிராமத் திட்டத்தைப் படி. வில்லியனூர் மையத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு வி.எச்.எஃப். ரேடியோ வழியாகப் பேச்சும் தகவலும் போயின. கரண்ட் நிற்கும் என்பதால் சோலார் வைத்தார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலை உயரக் கணக்கு ஒலிபெருக்கியில் போய்ச் சேர்ந்தது. மையங்களை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், பலர் பெண்கள். ரேடியோ எட்டியதோடு அந்த வேலை முடிந்திருந்தால் யாரும் இன்று அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

நீ போனபின் அந்தப் பெட்டியோடு இருக்கப்போவது டேங்க் ஆபரேட்டர். எந்த விளக்கு எப்படி எரிந்தால் சரி, எது எரிந்தால் உன்னைக் கூப்பிட வேண்டும், எது எரிந்தால் கை சுவிட்சைப் போடலாம் என்பதைத் தமிழில் எழுதிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டு. அவரை வைத்தே ஒரு தடவை ஆன்டெனாவைக் கழற்றச் செய். கழற்றுமுன் மோடத்தின் கரண்டை அணைக்க வேண்டும் என்பதையும் காட்டு. ஆன்டெனா இல்லாமல் அனுப்பினால் மோடம் பாழாகும். மோடத்தை அணைத்தபடியே விட்டு, மோட்டார் ஐந்து நிமிடத்தில் நிற்கிறதா என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்; ஆன்டெனாவைத் திரும்ப மாட்டிய பிறகே கரண்டைக் கொடுக்கட்டும். தன் கையால் அறுத்துப் பார்த்தவர் பிறகு பயப்பட மாட்டார்.

17. முதல் நாள் அளந்த சிக்னல் எண், ஆன்டெனா பார்க்கும் திசை, சேனல், நெட்வொர்க் எண், கேபிள் நீளம், எர்த் ஓம் எல்லாவற்றையும் ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதிப் பெட்டிக்குள் வை. இன்னொரு பிரதி உன்னிடம் இருக்கட்டும். ஒவ்வொரு தடவை போகும்போதும் தேதியோடு சிக்னல் எண்ணை எழுது. வருடத்துக்கு மூன்று டெசிபல் இறங்கிக்கொண்டே வந்தால் கனெக்டரில் தண்ணீர் இறங்குகிறது, அல்லது வழியில் மரம் வளர்கிறது.

18. ஒரு மோடத்தை அந்த இடத்துக்கான எல்லா அமைப்பும் போட்டு உபரியாக வை. கரண்ட் கொடுக்காமல் வை. ஒரே முகவரியில் இரண்டு மோடம் உயிரோடு இருந்தால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லித் தகவலைக் கெடுக்கும். உறைமேல் எந்த ஊர், எந்த முனை என்று அழியாத மையில் எழுது. மாற்றியபின் பழையதை அன்றைக்கே கையோடு எடுத்து வா.